அம்மாவும், களவு போன என் கல்யாண நகையும்

எங்கள் அம்மா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து இந்த வாரத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவர்களை நினைத்து இன்று நம் வீட்டில் கூடியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், சபையார், குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோருக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். நினைவு மலரில் யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் தங்கை என்னைக் கை காட்டிவிட்டாள். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தாள்.

"அழுதுகினே எழுதாதக்கா. அம்மாவுக்குப் புடிக்காது. சாவு ஊட்டுக்குப் போனாலே அங்க ரெண்டு பேரச் சிரிக்க வச்சிட்டுத்தான் வருவாங்க."

அவள் சொன்னது உண்மை. ஆகவே முடிந்தவரை அழாமல் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது பூந்தமல்லியில், டிரங்க் ரோட்டை ஒட்டிய ஒரு பெரிய வீட்டில். அவர்களுடைய தகப்பனார் ஜட்கா வண்டிகள் வைத்து வாடகைக்கு விட்டு வந்தவர். லாயம் நிறையக் குதிரைகள், வேலைக்கு ஆட்கள், காப்பி குடிக்க வெள்ளித் தம்ளர் என்று செழிப்பாக இருந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதற்கென்றே ஒரு வண்டி தனியாக நின்றதாம். பிறகு ரோட்டில் பஸ் ஓட ஆரம்பித்தது. ஜட்காவைக் கை தட்டிக் கூப்பிட்டவர்கள் பஸ்ஸுக்குக் கை காட்டத் தொடங்கினார்கள். அம்மாவுக்குப் பத்து வயது ஆவதற்குள் குதிரைகள் ஒவ்வொன்றாக விலை போயின. அவற்றின் பின்னாலேயே வீடும் போயிற்று.

இந்தக் கதையை அம்மா ஒருநாளும் சோகமாகச் சொன்னதில்லை. "குதிர போச்சி, வண்டி போச்சி, வெள்ளித் தம்ளர் போச்சி. எங்க நைனா மட்டும் மீசைய முறுக்கறத உடல. நான் பித்தளத் தம்ளர்ல காப்பி குடிச்சிப் பாத்தேன் கண்ணு. அதே காப்பிதான்" என்பார்கள். வேதத்தில் உலகச் செல்வத்தைப் பற்றி வரும் பகுதிகளைப் பெரிய படிப்புப் படித்தவர்கள் பலர் எங்களுக்கு விளக்கியிருக்கிறார்கள். பித்தளைத் தம்ளரில் அம்மா கண்டுபிடித்ததைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை.

எங்கள் அப்பா திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். யுத்த காலத்தில் ஆவடி ராணுவக் கிடங்கில் வேலைக்கு வந்து, பூந்தமல்லிச் சபையில் அம்மாவைப் பார்த்து, பெரியவர்கள் மூலமாகப் பேசித் திருமணம் செய்துகொண்டார்கள். அப்பாவின் பேச்சு அம்மாவுக்கும், அம்மாவின் பேச்சு அப்பாவுக்கும் புரிய ஒரு வருஷம் பிடித்ததாம். "அதுனாலதான் மொத வருசம் எங்களுக்குள்ள சண்டையே இல்ல" என்று அம்மா சொல்வார்கள். அறுபதுகளில் ஆவடியில் பெரிய தொழிற்சாலை எழுந்தபோது அப்பாவுக்கு அங்கே வேலை மாறியது. எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எங்கள் வரிசையில் கோயம்புத்தூர், ஆம்பூர், மதுரை, சேலம் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஊர்தான் பேர். அம்மா மட்டும் எல்லோருக்கும் அக்கா.

இனி அந்தப் பச்சை ட்ரங்குப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்ததிலிருந்து அப்பா சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த நகைகள் அதற்குள் இருந்தன. ஒரு சங்கிலி, வளையல்கள், ஒரு கல் அட்டிகை, அம்மாவின் தாயார் விட்டுப்போன கம்மல். எனக்கென்று எடுத்த பட்டுப் புடவைகளும் அதில்தான். கட்டிலுக்கு அடியில் இருந்த அந்தப் பெட்டியின் பூட்டை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தரம், திரும்பி வந்ததும் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார்கள். வெளியூர்ப் பயணம் என்று நாங்கள் நால்வரும் சேர்ந்து போனதே கிடையாது. பெட்டிக்குத் துணையாக யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

எனக்கு வரன் அமைந்தது திருமழிசையில். மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர் வேலை. தகப்பனார் இல்லை. தாயார் தையல் மெஷின் மிதித்து ஒரே மகனை ஆளாக்கியவர். அதிகம் பேசமாட்டார், சிரிப்பது அதைவிடக் குறைவு. நிச்சயத்தன்று அவர் நகை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. எங்கள் பக்கம்தான், பெண்ணுக்கு இன்னின்னது போடுகிறோம் என்று சபை நடுவே சொன்னோம். அவரும் தம் உறவினர்களிடம் அதைச் சொல்லி வைத்திருந்தார்.

கிறிஸ்தவத் திருமணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்பார். என் முதல் ஓலை வாசித்த ஞாயிறு, எங்கள் ஆவடிச் சபையின் அறுப்பின் பண்டிகையாகவும் அமைந்துவிட்டது. அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் கோயில் செலவுக்காக அதை ஏலம் விடும் நாள். அம்மா அன்று எங்கள் வரிசை முழுவதையும் ஏலம் பார்க்க வரச் சொல்லி அழைத்திருந்தார்கள். மத வித்தியாசம் இல்லாமல் எல்லா வீட்டுக்காரர்களும் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பாவையும் அம்மா விடவில்லை. "மொத ஓல படிக்கற அன்னிக்கி அப்பன் இல்லன்னா நல்லா இருக்குமா? பொட்டி எங்கயும் ஓடிடாது, வாங்க" என்று இழுத்து வந்தார்கள்.

ஏலத்தில் வாழைத்தார் போயிற்று, சேவல் போயிற்று, கேக் போயிற்று. கடைசியில் ஒரு பிரம்மாண்டமான பூசணிக்காய் மேசைக்கு வந்தது. பருத்திப்பட்டுப் பக்கமிருந்து வரும் ஒரு விதவை அம்மாள் தன் குடிசைக் கூரையில் படரவிட்டு வளர்த்தது. இவ்வளவு பெரிய காயைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனம் வரவில்லை. ஏலம் விட்ட கமிட்டிக்காரர் கூவிக் கூவிப் பார்த்தார். நாலு பேர் சிரித்தார்கள். அந்த அம்மாள் தூணோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அம்மா ஒரு விலை சொன்னார்கள். கூட்டம் அமைதியாக இருந்தது. அம்மா அதைவிட அதிகமாக இன்னொரு விலை சொன்னார்கள்.

கமிட்டிக்காரர் குழம்பிப்போனார். "அம்மா, எதிர்ல கேக்க ஆளே இல்லையே! உங்க வெலைய நீங்களே ஏத்தறீங்களே?"

"ஏன், ஏத்தக்கூடாதா இன்னா?" என்று அம்மா மூன்றாம் தரமும் ஏற்றினார்கள்.

அப்பா பின்னாலிருந்து, "ஏளா, என்ன செய்யுத? புத்தி கெட்டுப் போச்சா?" என்று பல்லைக் கடித்தது எங்களுக்குக் கேட்டது. அதற்குள் கூட்டம் கை தட்டிவிட்டது. தூணோரம் நின்ற அம்மாள் தலை நிமிர்ந்து சிரித்தார். பூசணிக்காய் எங்களுடையது ஆயிற்று. அப்பா அதைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வர, வரிசைக்காரர்கள் எல்லோரும் கேலி பேசியபடி பிற்பகலில் வீடு திரும்பினோம்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பூட்டு உடைந்து கீழே கிடந்தது.

அப்பா சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்த இடத்தில் அதன் சதுரம் மட்டும் தூசு படாமல் தெரிந்தது. பித்தளைக் குடங்களைக் காணோம். சுவர்க் கடிகாரத்தைக் காணோம். தங்கை வீல் என்று கத்தினாள். அந்த நிமிஷத்தில் நான் நகையை நினைக்கவில்லை, திருமழிசையை நினைத்தேன். நிச்சயத்தன்று என்னை நிமிர்ந்து பார்த்த அந்தச் சிரிக்காத முகத்தை நினைத்தேன்.

அம்மா நேராகச் சமையலறைக்குப் போனார்கள். காலையில் மூடி வைத்திருந்த சோறும் மீன் குழம்பும் காலியாகி இருந்தன. தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"இங்க வந்து பாருங்க" என்று அம்மா கூப்பிட்டார்கள். "துன்ட்டுத் தட்டக் கழுவி வச்சிட்டுப் போயிருக்கான். யாரு பெத்த புள்ளயோ, நல்லா வளத்திருக்கா."

அப்பா தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "சிரிக்கதுக்கா இது நேரம்? புள்ளைக்குக் கல்யாணம்ளா! இருவது வருச உழைப்பு போச்சே!"

அம்மா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "இத்தினி வருசமா நீங்களும் நானும் அந்தப் பொட்டிக்கு வாட்ச்மேன் வேல பாத்தோம். ஒருநாளு சேந்தாப்புல ஊருக்குப் போனோமா? இன்னிக்கி நம்பளுக்கு ரிடைர் குடுத்துட்டாங்க. எழுந்து மொகத்தக் கழுவுங்க. சனங்க வெளிய நிக்கிறாங்க."

வாசலில் வரிசை முழுவதும் நின்றது. ஏலம் பார்க்க அழைத்ததால்தான் இது நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மா பூசணிக்காயைப் பிளக்கச் சொன்னார்கள். ஒரு பாதியை எடுத்து வைத்துவிட்டு மறு பாதியைப் பெரிய அண்டாவில் கூட்டு வைத்தார்கள். விசாரிக்க வந்த ஏட்டய்யாவும் ஒரு தட்டு சாப்பிட்டார். அன்று மாலை ஜெபத்தில் அம்மா அந்தத் திருடனுக்காகவும் வேண்டிக்கொண்டார்கள். "அத்த வச்சிக்கினு இன்னிக்கி அவன்தான் பயந்துகினு இருப்பான் ஆண்டவரே. அவனுக்கு நல்ல புத்தியும் நிம்மதியும் குடு" என்றார்கள். அப்பா அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்லவில்லை.

அம்மா அழவே இல்லை என்று எழுதினால் அது பொய். மறுநாள் விடிந்ததும் குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டே இருந்தார்கள். ரொம்ப நேரம் கழுவினார்கள். நான் அருகில் போனதும், "எங்கம்மா கம்மல் மட்டும்..." என்று தொடங்கி நிறுத்தினார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போவட்டும். அது நம்பகிட்ட இருந்தப்போ எங்கம்மா நெனப்பு வந்திச்சி. இப்ப இல்லாதப்பவும் வருது" என்றார்கள். அதற்குமேல் அந்தக் கம்மலைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை.

அடுத்து என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். ஆளுக்கொரு நகை இரவல் தருகிறோம், மீதிக்குக் கவரிங் வாங்கிப் போடலாம், தாலி ஏறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல மனதோடு சொன்ன யோசனைதான். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "கல்யாணம் முடியட்டும். பொறவு மெதுவாச் சொல்லிக்கிடலாம். இப்பச் சொன்னா முறிஞ்சி போகும்."

"முறிஞ்சா இப்பவே முறியட்டுங்க" என்றார்கள் அம்மா. "பித்தளையத் தங்கம்னு சொல்லி எம்பொண்ண அனுப்ப மாட்டேன். ஒவ்வொரு ஓலைக்கும் கர்த்தர் சமூகத்துல தட உண்டான்னு கேக்கறாங்க. உள்ள ஒரு பொய்ய வச்சிக்கினு நான் எப்டி வாய மூடிக்கினு நிப்பேன்?"

எனக்கு அம்மாமீது பயங்கரக் கோபம் வந்தது. மறுபடி யோசித்தால் அம்மா சொன்னதில் தவறு எதுவும் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே கிடந்து தவித்தேன்.

அந்த வாரம் அம்மா தங்கையைக் கூட்டிக்கொண்டு திருமழிசைக்குப் பஸ் ஏறினார்கள். கையில் அந்தப் பாதிப் பூசணிக்காய். வெட்டிய பக்கம் தெரியாதபடி பழைய புடவையில் நன்றாகச் சுற்றி, தோளோடு சாய்த்து எடுத்துப் போனார்கள். பூந்தமல்லியில் பஸ் மாறும்போது கூட்டம் நெரிந்தது. யாரோ ஒருவர், "கைக்கொயந்தக்காரம்மா வந்துகினு கீறாங்க, எந்திரிப்பா, எடம் குடு!" என்று குரல் கொடுத்து இடம் வாங்கித் தந்தார். அம்மா மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெண், "பொண்ணா பையனாம்மா?" என்று ஆசையாகத் துணியை விலக்கிப் பார்த்தார். பஸ்ஸே சிரித்ததாம். தங்கை இன்றைக்கும் இதை நடித்துக் காட்டுவாள்.

என் மாமியார் தைத்துக்கொண்டிருந்தார். அம்மா பூசணிக்காயை ஓரமாக வைத்துவிட்டு அமர்ந்தார்கள். தண்ணீர் எடுக்க எழுந்தவரைத் தடுத்தார்கள்.

"இருங்க சம்பந்தியம்மா. ஒரு சேதி கீது. சொல்லி முடிக்கிற வரைக்கும் எனக்குத் தண்ணி வேணாம். உங்க ஊட்டுத் தண்ணி உள்ள போயிட்டா அப்பால எனக்குச் சொல்ல வாய் வராது."

அவர் மறுபடி மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

"பொண்ணுக்குப் போடறோம்னு சொன்ன நகை பூரா களவு போயிடுச்சி. திரும்ப வாங்கிப் போட எங்களுக்குச் சக்தி இல்ல. கவரிங் போட்டு மறைக்கலாம்னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. பொண்ணு கீறா, நாங்க கீறோம், எங்களுக்குக் கர்த்தர் கீறாரு. எங்க கையில இதான் மிச்சம். வேணாம்னு தோணிச்சின்னா மூணாம் ஓல படிக்கறதுக்குள்ள சொல்லி அனுப்புங்க. வருத்தம் இருக்கும். கோவம் இருக்காது."

என் மாமியார் மெஷினில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். பிறகு, "புள்ளையக் கேக்கணும்" என்றார். ஓரமாக இருந்த மூட்டையைப் பார்த்தார். "அது இன்னா?"

"பூசணிக்கா."

"எதுக்கு?"

"கைய வீசிக்கினு வரக்கூடாதேன்னு."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

இரண்டாம் ஞாயிறு வந்தது. திருமழிசையிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறும் வந்தது. அதற்குள் எனக்குச் சோறு இறங்குவது நின்றிருந்தது. அம்மா மட்டும் எப்போதும்போல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு எனக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தார்கள். "கல்யாணமே சந்தேகம், ரவிக்கை எதுக்கும்மா?" என்றேன். "ரவிக்க எதுக்கும் ஆவும்" என்றார்கள்.

அந்த மூன்றாம் ஞாயிறு ஆராதனை தொடங்கிய பிறகு, கோயிலின் பின்வாசல் வழியாக என் மாமியார் உள்ளே வந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து குடையைக் காலடியில் வைத்தார். அப்பா அவரைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்கள்.

போதகர் ஓலையை வாசித்தார். தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டு நிறுத்தினார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரு சத்தமும் இல்லை.

என் மாமியார் இருமினார்.

கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. போதகரும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். என் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வேறு ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். போதகர் ஒரு பெருமூச்சு விட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவர் நேராக அம்மாவிடம் வந்தார்.

"அந்தப் பூசணிக்காய நாலு ஊட்டுக்குக் குடுத்தேன். நல்லா இருந்திச்சி" என்றார். சற்று நேரம் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "என் கல்யாணத்துல எனக்குக் கழுத்து கொள்ளாத நகை. பூரா இரவல். மறுவாரமே வந்து கயட்டிக்கினு பூட்டாங்க. என் மாமியாரு கண்ண மூடற வரைக்கும் அத்தச் சொல்லிக் காட்டிச்சி. எங்கம்மா மட்டும் உங்கள மாதிரி முன்னாடியே வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." அதை முடிக்கவில்லை. "பொண்ண அனுப்புங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். "அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? நீங்க இருமனீங்களே, எங்க உசுரே பூட்சி!"

"பஸ்ஸுல ஒரே தூசி" என்றார் என் மாமியார். அன்றுதான் அவர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தேன். இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மறுபடியும் சிரிப்பார் என்று நம்புகிறேன்.

கல்யாண நாள் வந்தது. எனக்குக் காதில் கிடந்த சின்னத் தோட்டைத் தவிர வேறு பொன் இல்லை. தந்த நிறப் பட்டு ஒன்றை அப்பா எப்படியோ வாங்கி வந்திருந்தார்கள். தலைக்கு வலை முக்காடு, கையில் பூச்செண்டு. கோயில் வாசலில் இறங்கியபோது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் என் கழுத்தைத்தானே பார்ப்பார்கள்?

அப்போது எங்கள் வரிசைப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் கோயம்புத்தூர் அக்கா. எந்த விசேஷத்துக்கும் கை நிறைய வளையலும் இரட்டை வடச் சங்கிலியுமாக வருபவர். அன்று கண்ணாடி வளையல் மட்டும் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் வந்த மதுரை, சேலம் எல்லோரும் அப்படியே. தாலிச் சரடை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, மற்ற நகைகளை வீட்டில் வைத்துவிட்டு, தலை நிறையப் பூ மட்டும் வைத்து வந்திருந்தார்கள். ஆம்பூர் வீட்டம்மாவுக்கு மூக்குத்தி மட்டும் கழலவில்லையாம். ஆராதனை முடியும்வரை மூக்கைக் கையால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அம்மா ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். முதலில் புரியவில்லை. "இன்னாடி இது, எல்லாரும் மொட்டக் கழுத்தோட வந்துக்கீறீங்க? உங்க ஊட்லயும் பூந்துட்டானா?"

கோயம்புத்தூர் அக்கா என்னைக் காட்டினார். "இல்லீங்கக்கா. நம்ம பொண்ணு வெறுங்கழுத்தா நிக்கறப்போ, நாங்க மட்டும் மினுக்கிக்கிட்டு நின்னா நல்லாருக்குங்களா?"

வீட்டில் களவு போன நாளில் சிரித்த அம்மா, அந்தக் கோயில் வாசலில் எல்லோருக்கும் முன்னால் நின்று அழுதார்கள். அப்பாவும் அழுதார்கள். என் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் நேராக நிமிர்ந்து உள்ளே நடந்தேன். அன்று என் கண்ணுக்குப் பொன் என்று மின்னியது, என் கணவர் எனக்குக் கட்டிய தாலி ஒன்றுதான்.

சில ஆண்டுகள் கழித்துப் போலீசார் வேறு ஏதோ வழக்கில் யாரையோ பிடித்தபோது, களவு போனவற்றில் சங்கிலி மட்டும் திரும்பக் கிடைத்தது. நான் அதை வாங்க மறுத்துவிட்டேன். அம்மாவும் அதைப் பெட்டியில் வைக்கவில்லை. அரிசி டின்னில் போட்டு வைத்தார்கள். குவார்ட்டர்ஸிலோ சபையிலோ ஒரு பெண்ணுக்குக் கல்யாணம், போட நகையில்லை என்று கேள்விப்பட்டால், "இது என்னுது, இரவல்னு மாப்ள ஊட்ல முன்னாடியே சொல்லிடுங்க" என்ற நிபந்தனையோடு கொடுத்தனுப்புவார்கள். அது எத்தனையோ கழுத்துகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. ஒரு தடவை போனது திரும்பவில்லை. போய்க் கேட்கிறேன் என்று அப்பா சட்டையை மாட்டினார்கள். அம்மா தடுத்துவிட்டார்கள். "ஒரு பொண்ணு கழுத்துலதான கீது? வேற எங்க பூடும்? உக்காருங்க, காப்பி ஆறுது."

அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஐயப்பன்தாங்கலில், வயல்களுக்கு நடுவே ஒரு சிறு வீடு கட்டிக் குடிவந்தார்கள். அதற்குள் அப்பாவும் மாறியிருந்தார்கள். இருவரும் கதவைச் சாத்திவிட்டுச் சேர்ந்தாற்போல் ஊர் ஊராகப் போனார்கள். திருநெல்வேலிச் சீமை நாசரேத், வேளாங்கண்ணி, பேரப்பிள்ளைகளின் பள்ளி விழா என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோதும் அம்மா தளர்ந்துவிடவில்லை. "எனக்கு முன்னாடி போயி ஊடு பாத்து வச்சிருப்பாரு" என்றார்கள்.

கடைசி மாதங்களில் அம்மாவுக்கு இருதயம் பலவீனமாகி, கண்பார்வையும் மங்கியது. அவர்களுக்குத் துணையாக வந்து தங்கியவர் வேறு யாருமல்ல, என் மாமியார்தான். தினமும் காலையில் வேதத்தைக் கண்டிப்பான குரலில் வாசித்துக் காட்டுவார். அம்மா கண்ணை மூடியபடி கேட்டுவிட்டு, "நீங்க படிச்சா ஆண்டவரே கையக் கட்டிக்கினு நிப்பாரு போலக்கீது" என்பார்கள். இருவரும் சிரிக்கும் சத்தம் தெருவரை கேட்கும். என் மாமியாரைச் சிரிக்கப் பழக்கியது அம்மா செய்த அற்புதங்களில் ஒன்று என்று என் கணவர் சொல்வார்.

கடைசி நாள் காலையில் அம்மா காப்பி கேட்டார்கள். பாதி குடித்தார்கள். மீதியை என் மாமியாரிடம் நீட்டி, "நீங்க குடிங்க, நல்லாக்கீது" என்றார்கள். தலையணையில் சாய்ந்தார்கள். நாங்கள் ஜெபம் செய்து கண் திறந்தபோது அம்மா போய்விட்டிருந்தார்கள். அலமாரியைத் திறந்து பார்த்தோம். மாற்றுடுப்புக்கு நாலு நூல் புடவை, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு குடை. பங்கு பிரிக்க ஒன்றுமில்லாததால் எங்களுக்குள் சண்டையும் இல்லை. அன்று தெரு கொள்ளாமல் வந்து நின்ற ஜனத்தைப் பார்த்தபோதுதான், அம்மா எதைச் சேர்த்து வைத்தார்கள் என்று எங்களுக்குப் புரிந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். நேரம் காலம் பார்க்காமல் வீட்டுக்கே வந்து கவனித்த டாக்டருக்கும், ஊசி போட வந்து அம்மாவோடு கதை பேசி உட்கார்ந்துவிடும் நர்சம்மாவுக்கும், அடக்க ஆராதனையை நடத்தித் தந்த போதகருக்கும் எங்கள் நன்றி. சவப்பெட்டிக்குக் கூலி வாங்க மறுத்த தச்சருக்கும், அன்று வந்தவர்களுக்குத் தண்ணீர் இறைத்து இறைத்துக் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், பஸ் மாறி மாறி ஆவடியிலிருந்து வந்து சேர்ந்த எங்கள் பழைய வரிசைக்கும் நன்றி. கோயம்புத்தூர் அக்கா ஊருக்கே போய்க் குடியேறிவிட்டார். சேதி கேட்டதும் ரயிலேறி வந்தார். என் மாமியாருக்கு நன்றி என்ற சொல் போதாது. அதனால் சொல்லவில்லை.

இதற்குமேல் எழுதினால் தங்கை கொடுத்த எச்சரிக்கையை மீறிவிடுவேன். பின்கட்டில் இலை போட்டாயிற்று என்று சொல்கிறார்கள். நம் வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் போனால் அம்மா பொறுக்கமாட்டார்கள். இந்த மலரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பந்திக்கு வாருங்கள்.

மூத்த மகள்